மருமகளைப் பிடித்து வைத்திருந்த மெஷின்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு ஒன்றுதான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம் என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை என் போன், இடம் நிரம்பிவிட்டது, படங்களை அழிக்கவா என்று கேட்டது. விரல் போகவில்லை.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஓர் உதவி நிறுவனத்தில் தேத்தண்ணி ஊற்றுவதும் ஜெனரேட்டர் போடுவதும் என் வேலை. காணாமல் போனவர்களின் படங்களை இன்டர்நெட்டில் காட்டும் சர்வர் மெஷின் பின்னறையில் இருந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் திணறி நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும். எங்கள் கம்ப்யூட்டர் எஞ்சினியர், காரைதீவு ஜீவன், "மெமரி லீக் காக்கா" என்றான்; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். லீக் என்றதும் நான் கூரையில் ஏறித் தகரத்தில் ஓட்டை தேடினேன்.

"இறங்குங்க காக்கா, மழையே இல்ல. பாவிச்சி முடிஞ்ச இடத்த இது திருப்பிக் குடுக்குதில்ல. எதப் பிடிச்சி வச்சிருக்கு எண்டு தேடணும்."

ஒவ்வொரு பகுதியாக மூடிவிட்டு, மெஷின் இன்னும் வீங்குகிறதா என்று பார்த்தான். படப் பக்கத்தை மூடியபோது வீக்கம் நின்றது. ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகும் அது அந்தப் படத்தை விடவில்லை. மறுபடி திறந்தால் இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டது.

"உங்கட மருமகளத்தான் கூடுதலாப் பிடிச்சி வச்சிருக்கு" என்றான்.

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் மகள். கடல் கையிலிருந்து பறித்த பிள்ளை. வீட்டிலிருந்த படங்களும் வீட்டோடு போயின. எவரோ கொண்டுவந்து திரும்ப வாங்கிப்போன ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில் நின்றவளை மட்டும் வெட்டியெடுத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். ராத்தா தினமும் வந்து திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். கடதாசியில் எடுத்துத் தரவா என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாண்டா தம்பி. தேடுற இடத்திலயே இரிக்கட்டும். ஊட்டுக்குக் கொண்டு போனா செத்து மவுத்தான புள்ளயாப் போயிருவா."

பிழையைத் திருத்த ஜீவன் ஒரு கிழமை, ஏழு நாள், அவகாசம் கேட்டான். யுத்தம் முடிந்த வருடம் அது. "இனி ஆர் தேடுற? அந்தப் பக்கத்த எடுத்துருங்க" என்றார் கொழும்பு மேலதிகாரி. அங்கிருந்தே அழித்தார்கள், நகல் எதுவும் வைக்கவில்லை. அதன்பிறகு மெஷின் நிற்கவே இல்லை. ஜீவனைப் பாராட்டினார்கள். அவன் அன்று நான் வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

ராத்தா வந்தார்.

"எடுத்துட்டாங்க ராத்தா."

"ஆருக்கிட்டக் கேட்டு?"

அந்தக் கட்டடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். ஜீவன் வெளிநாட்டில். ராத்தாவும் மவுத்தாகிவிட்டார். மருமகளின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். முன்பல் இடைவெளி வருகிறது. கண்கள் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை, டிசம்பர் 26.