காலியாகப் போன ஒன்பது தட்டுகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. துருக்கியின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் நான் குடியிருக்கும் வீட்டின் ஹவுஸ் ஓனர் அம்மா, பத்து மாதத்தில் ஒன்பது முறை எனக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தார்.

2. ஒன்பது முறையும் நான் தட்டைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, காலியாகத் திருப்பிக் கொடுத்தேன்.

3. மே மாதத்தோடு முடியும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று மார்ச்சில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

4. அந்த "பார்க்கலாம்" ஏன் வந்தது என்பதைப் பெருங்களத்தூரில் இருக்கும் என் அம்மா போனிலேயே கண்டுபிடித்தாள்.

5. ஏப்ரலில் விடுமுறைக்குக் கிளம்பிய காலையில், ஹவுஸ் ஓனர் அம்மா பத்தாவது தட்டைக் கையில் கொடுத்தார். பலகாரம் இஸ்தான்புல்லைத் தாண்டவில்லை. தட்டு பெருங்களத்தூர் வரை வந்தது.

6. வந்த மூன்றாம் நாள் தட்டு உடைந்தது. உடைத்தது நான் இல்லை.

இனி விவரம்.

படகு கட்டும் தளம் ஒன்றில் மின்கம்பி வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். நான் இருப்பது மாடியில். கீழே ஹவுஸ் ஓனர் அம்மாவும் ஒரு சாம்பல் நிறப் பூனையும். அங்கே வயதில் மூத்த பெண்களை 'டெய்ஸே' என்று அழைப்பார்கள். அம்மாவின் சகோதரி என்று பொருள். இதைச் சொன்னபோது அம்மா, "எனக்கே தெரியாம எனக்கு ஒரு அக்காவா?" என்றாள்.

வீட்டின் சமையலறை ஜன்னலில் கடல் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், வேலைக்கு நடந்து போகலாம். பன்னிரண்டு நிமிடம். பெருங்களத்தூரிலிருந்து ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மூன்று மாறிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் அருமை தெரியும். இந்த வீடு போனால் அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும், இரண்டு மினிபஸ் மாற வேண்டும். இதற்கிடையில் அங்காராவிலிருந்து ஒரு தம்பதி இதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் வழக்கங்களில் நான் சறுக்கியது தட்டில் மட்டும் இல்லை. குடிவந்த அன்று டெய்ஸே டீ கொடுத்தார். இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸ். மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று முழுவதும் குடித்தேன். உடனே நிரப்பினார். குடித்தேன். நிரப்பினார். ஏழாவது கிளாஸைக் குடித்ததும் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். போதும் என்றால் ஸ்பூனை கிளாஸின் மேல் குறுக்கே வைக்க வேண்டும் என்று மறுநாள் அலுவலகத்தில் சொன்னார்கள். நியாயம்தான். இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு நாமும் சாதம் போட்டுக்கொண்டுதானே இருப்போம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கூப்பிட்டார். பெசன்ட் நகர் பழக்கத்தில், காலை நனைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுத் திரும்புவது என்று நினைத்துக் கிளம்பினேன். அவர் காரிலிருந்து இறக்கியவை: மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, டீ போடும் அடுக்குப் பாத்திரம், நான்கு வகை ஆலிவ், மூன்று வகை சீஸ், தக்காளி, வெள்ளரி, அவித்த முட்டை, எள் ஒட்டிய வளைய ரொட்டி, தேன், அத்தி ஜாம். நான் இறக்கியது: தண்ணீர் பாட்டில், ஒன்று.

சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, நீச்சல் உடையில் கடலில் இறங்கி மிதவை வரை போய்த் திரும்பினார். வயது அறுபதுக்கு மேல். நான் சுடிதாரை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

"உன் ஊரும் கடலோரம் என்றாயே?"

"அது சென்னை. எங்கள் பக்கம் கடல் கிடையாது."

"பிறகு என்ன இருக்கிறது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரயில்" என்றேன்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே சீஸ் வைத்துச் சுட்ட போரெக், திராட்சை இலையில் சுருட்டிய சோறு என்று ஒவ்வொரு முறையும் ஒன்று மேலே வரும். "பார்க்கலாம்" என்று அவர் சொன்ன அன்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா முதலில் கேட்டது இதுதான்.

"தட்டு குடுத்தாங்களே, என்ன வெச்சு திருப்பிக் குடுத்தே?"

"ஒண்ணும் வெக்கல. நல்லா கழுவித்தான் குடுத்தேன்."

அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

"வெறும் தட்டா?"

"ரெண்டு தடவை தேய்ச்சேன்மா."

"ஒன்பது தட்டும்?"

"ஒன்பதும்."

"ஏண்டி, எதிர் ஃபிளாட் ஆன்ட்டி கிண்ணத்தை என்னிக்காவது நான் வெறுமனே குடுத்து பாத்திருக்கியா? ஒண்ணும் இல்லேன்னா ரெண்டு ஸ்பூன் சக்கரையாவது போட்டுத்தானே அனுப்புவேன்?"

பார்த்திருக்கிறேன். அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். சர்க்கரை ஏன் என்று மட்டும் கேட்டதில்லை. மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கும் அதே வழக்கம்தானாம். பக்கத்து வீட்டுத் தட்டு காலியாகத் திரும்பக் கூடாது. இரண்டு ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, நடுவில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

பத்தாவது தட்டைக் கொடுத்தபோது டெய்ஸே, "திரும்பி வா, வீட்டைப் பற்றிப் பேசலாம்" என்றார். டாக்ஸி நகர்ந்ததும் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போலத் தடையில்லாமல் போய்வர வேண்டுமாம்.

தட்டு வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீல டுலிப் பூக்கள். எங்கள் வீட்டிலோ எல்லாமே எவர்சில்வர். அம்மா எந்தத் தட்டைக் கழுவினாலும் தொட்டி விளிம்பில் 'டங் டங்' என்று இரண்டு தட்டுத் தட்டித் தண்ணீரை உதறுவாள். பூத் தட்டில் தூசி படிந்திருக்கிறது என்று அதையும் கழுவினாள். முதல் 'டங்' வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது.

யார் வீட்டில் எது உடைந்தாலும் "திருஷ்டி கழிஞ்சுது, விடுங்க" என்று முதலில் சொல்பவள் அம்மா. அன்று சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் என்னைத் திட்டவும் இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, உடைந்த பாதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். செடிக் கடைகளையும் பழைய மின்விசிறிகளையும் தாண்டி, தார்ப்பாயில் பீங்கான் சாமான்களைப் பரப்பியிருந்த ஒருவரிடம் அம்மா நின்றாள்.

"இன்னாக்கா தேடிக்கினு கீறீங்க?"

அம்மா துண்டை நீட்டினாள். "இதே மாதிரி வேணும்பா."

"மீதி பாதி மட்டுமா?"

"கிண்டல் பண்ணாத. முழுசா."

குவியலுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார். வெள்ளை. அளவு சரி. நீலப் பூவும் இருந்தது. "வெள்ளக்கார தொர வூட்டு பீஸுக்கா."

அம்மா திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி சைனான்னு போட்டிருக்கு."

"சைனாலயும் தொர இருந்தாருக்கா."

"இதுல பூவுக்கு அஞ்சு இதழ் இருக்கு. உடைஞ்சதுல இருந்தது டுலிப்" என்றேன்.

"மேல பலகாரம் வெச்சுத்தானம்மா குடுக்கப் போறே? பூ எங்க தெரியப் போவுது?"

"பலகாரம் வெப்போம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெறும் தட்ட யாராவது குடுப்பாங்களா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் முகம் பழைய நிலைக்கு வந்தது.

முள்ளு முறுக்கு சுட்டாள். பலகாரம் தட்டின் மேல்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் அல்ல என்பதில் கறாராக இருந்தாள். எனவே தட்டின் நடுவில் மூன்று அடுக்கு முறுக்கு, விளிம்பைச் சுற்றி ஒரே அடுக்கு, அதை இறுக்கிய பிளாஸ்டிக் தாள், அதைச் சுற்றித் துண்டு, எல்லாம் ஒரு அகலமான எவர்சில்வர் சம்படத்துக்குள். விமான நிலையச் சோதனையில் திறக்கச் சொன்னார்கள்.

"என்னம்மா இது?"

"முறுக்கு சார்."

"தட்டோடவா?"

"தட்டோடதான் சார்."

அம்மாவின் கடைசிக் கட்டளை: "நீயா சொல்லாதே. அவங்களா கேட்டா மறைக்காதே."

டெய்ஸே முதல் முறுக்கைக் கடித்த சத்தத்தில் பூனை எழுந்து வெளியே போனது. டீ வந்தது. விளிம்பை மறைத்து வட்டமாக அடுக்கியிருந்தாள் அம்மா. ஓரத்து முறுக்கு ஒவ்வொன்றாகக் குறைய, பூ ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் டெய்ஸே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது என் தட்டு இல்லையே."

"இல்லை. அது உடைந்துவிட்டது. அம்மா…"

மேலே சொல்ல என் துருக்கி மொழி போதவில்லை. ஸ்பூனை எடுத்து மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பிறகு கையை வீசி, கண் பட்டது கழிந்தது என்றார். அம்மா சொல்லாமல் விழுங்கிய அதே வாக்கியம்.

"ஒன்பது தட்டு காலியாக வந்தது. உனக்குப் பக்கத்து வீட்டு உறவே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன்" என்றார்.

"எனக்குத் தெரியவில்லை, டெய்ஸே."

"உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது." ஆறாவது முறுக்கை எடுத்தார். "அங்காராக்காரர்களை வேறு வீடு பார்க்கச் சொல்கிறேன்."

நான் ஸ்பூனை கிளாஸின் மேல் குறுக்கே வைத்தேன்.

இப்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் மட்டும் மிச்சம். அவரும் தட்டைக் காலியாகத் தருவதில்லை, நானும் தருவதில்லை. வரைபடத்தில் இப்படி ஒரு வயர் முடிவே இல்லாமல் சுற்றிச்சுற்றி வந்தால் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்றைய நிலவரம்: ஒப்பந்தம் அடுத்த மே வரை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. பல்லாவரத்துத் தட்டு நேற்று மாலை திராட்சை இலைச் சோற்றுடன் மேலே வந்தது. சோறு தீர்ந்துவிட்டது. தட்டு கழுவித் துடைத்து மேசைமேல் இருக்கிறது. வீட்டில் ரவையும் சர்க்கரையும் இருக்கின்றன.