கைக்குழந்தையோடு உலக முடிவுக்கு

கைக்குழந்தையையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஹோட்டன் சமவெளியில் நடக்கப் போவோம் என்று நான் சொன்னபோது, என் கணவர் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க?"

"நுவரெலியாவுக்கு அங்கால. தேசிய பூங்கா. காட்டுக்குள்ளாலயும் புல்வெளிக்குள்ளாலயும் நடந்து போனால் உலக முடிவு எண்டொரு இடம் வரும். கீழ பெரிய பள்ளம்."

"நடக்கிறதுக்கோ அவ்வளவு தூரம் போறது?"

"ஓம்."

"உனக்கு விசர்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

அவர் மோட்டார் சைக்கிள் இல்லாமல் சந்திக் கடைக்குக்கூடப் போகாதவர். வன்னியில், ஜெயபுரத்தில் எங்களுக்கு வயல். அதை அவர் பார்க்கிறார், நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் சும்மா ஒருக்கால் நடந்து போனது என்று ஒன்று இல்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் சின்ன வயதில் போருக்குள்ளால் நடந்த நடையே போதும். மூட்டையைத் தூக்கு, தம்பியைப் பிடி, திரும்பிப் பார்க்காதே என்று என்னைப் பெற்றவர்கள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் ஆட்களிடம் நடை என்றால் ஓட்டம். அதைப் பணம் கொடுத்துச் செய்யப் போகிறாள் ஒருத்தி என்றால் விசர் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

சில வாரங்களுக்கு முன் மகளை முன்பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது, காட்டோரத்தில் ஒரு மயில் குறுக்கே ஓடிப் பற்றைக்குள் போனது. "அம்மா, இறங்கிப் போய்ப் பாப்பமோ?" என்று கேட்டாள். என் வாய் முந்திவிட்டது. "வேண்டாம், உதுக்குள்ள மிதிவெடி இருக்கும்!" அந்தக் காணியைத் துப்புரவாக்கி எவ்வளவோ காலம். ஆடுமாடு மேய்கிறது, விறகு பொறுக்கப் பெண்கள் போய் வருகிறார்கள். எல்லாம் தெரிந்தும் சொன்னேன். அன்று முழுக்க அவள் வளவுக்குள் "இஞ்ச மிதிவெடி, அங்க மிதிவெடி" என்று பாட்டுப் பாடித் திரிந்தாள். வாழைக்கும் மாவுக்கும் பேர் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சொல் வாயில் படிந்துவிட்டது. படியவைத்தவள் நான். அன்றைக்குத்தான் முடிவு எடுத்தேன். இந்தப் பிள்ளைகளுக்குக் காடு என்றால் வேறு ஒன்று ஞாபகம் வரவேண்டும். யார் என்ன சொன்னாலும் சரி.

எல்லோரும் சொன்னார்கள். ஆசிரியர் அறையில், "பத்து மாசப் பிள்ளைக்கு நெஞ்சில சளி கட்டும்" என்றார்கள். "பிள்ளையள் வளரட்டும், பிறகு போகலாம்தானே" என்றார்கள். பாசிக்குடாவுக்குப் போ, குழந்தைகள் கடல் குளிக்கும் என்று ஒருவர் எனக்கு விடுதிப் படங்களே அனுப்பினார். நான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் பழக்கத் தொடங்கினேன்.

பழக்கம் என்றால் பின்னேரங்களில் குளக்கட்டில் நடை. மகளுக்குச் சப்பாத்து. மகனுக்கு, கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒரு தூக்கும் பை. வாரும் கொளுக்கியுமாக இருக்கும், பிள்ளையை மார்போடு சேர்த்துப் பூட்டலாம். என் முதுகில் தண்ணீர்ப் போத்தலும் துணியும் அடைத்த பெரிய பை. வெயில் சாயும் நேரத்தில் இந்தக் கோலத்தோடு குளக்கட்டில் ஏறினால், மாடு சாய்க்கிறவர்களும் குளிக்க வருகிறவர்களும் நின்று பார்ப்பார்கள்.

ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "என்ன ரீச்சர், பிள்ளை குட்டியளோட, மூட்டை முடிச்சோட? திரும்பவும் இடம்பெயர்வோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவரும் அந்த நாட்களில் நடந்தவர். என்னைவிடக் கூட இழந்தவர்.

"ஓம் அண்ணை," என்றேன். "இந்த முறை ஒருத்தரும் கலைக்காமல், நாங்களா விரும்பிப் போறம். வேணுமெண்டால் நீங்களும் வாங்கோ."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு "கவனம் பிள்ளை" என்று சொல்லிச் சைக்கிளை மிதித்தார்.

நான் வீட்டுக்குத் திரும்பினேன். மகன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பையின் வார் அவன் தொடையை அறுத்துச் சிவக்க வைத்திருந்தது. கொளுக்கியைக் கழற்றத் தெரியாமல் நான் முற்றத்தில் நின்று மல்லுக்கட்ட, மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த கணவர் எழும்பி வந்தார். பிள்ளையைக் கழற்றி எடுத்தார். பிறகு கொடியில் கிடந்த என் பருத்திச் சேலையை இழுத்தார்.

"உதில கட்டினால் கால் விறைச்சுப்போம்," என்றார். "இஞ்ச பார்."

குனிந்து பிள்ளையை முதுகில் போட்டார். சேலையை அவன் இடுப்புக்குக் கீழால் கொடுத்து, தோளுக்கு மேலால் ஒன்று, கக்கத்துக்குக் கீழால் ஒன்று எடுத்து, நெஞ்சில் குறுக்கே முறுக்கி, வயிற்றில் முடிந்தார். கை தானாக ஓடியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவர் பிடரியில் கன்னத்தை வைத்தான்.

"ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பழக்கேல்லை. தங்கச்சியை இப்பிடித்தான் கட்டினனான்."

அந்தப் போர்க்கால நடையில் அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தங்கைக்கு நாலோ ஐந்தோ. அவளை முதுகில் கட்டிக் காட்டுப் பாதையால் கடற்கரைவரை கொண்டுபோனது அவர்தான் என்று தங்கை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் வாயால் அது வந்தது அன்றுதான். அவர் பிள்ளையோடு படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினார். அவர் பின்னால் மகள் ஓடினாள். இருட்டுகிற நேரம்வரை திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார். "அங்க அட்டை கடிக்குமோ?"

"மழையெண்டால் கடிக்குமாம்."

"அப்ப உப்பும் சவுக்காரமும் எடுக்கவேணும்."

அவர் சம்மதம் சொன்ன விதம் அது.

காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, பள்ளி விடுமுறையை ஒட்டி, ஒரு வான் வண்டி பிடித்து வெளிக்கிட்டோம். வவுனியாவில் அவருடைய தங்கை பூவரசங்குளத்திலிருந்து வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காத்து நின்றாள். பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டு வந்திருந்தாள். வன்னி வெயிலில் பின்னிய தொப்பி. வானின் யன்னலால் தலையை விட்டு, "என்னைத் தூக்கின முதுகு, அண்ணா. விழுத்தாது," என்றாள். அவர் "போடி" என்றார். ஆனால் தம்புள்ளைவரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

சமவெளி வாசலுக்கு நாங்கள் போனபோது மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பிள்ளைகளோடு வெளிக்கிட்டால் அப்படித்தான். ஒன்று சாப்பிட, மற்றது கக்கா இருக்கும். பைகளைப் பார்க்கிறவர் பொலித்தீன் உறைகளையெல்லாம் எடுத்துவிட்டு, மகளின் பிஸ்கற்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். அவளுக்கு அது பெரிய மரியாதையாகப் போய்விட்டது. பிறகு அவர் என் கணவரின் முதுகைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பேபி? கஷ்டம்," என்று சிங்களத்தில் ஏதோ தொடர்ந்தார். என் கணவர் நெல் வியாபாரிகளோடு பேசிப் பழகிய சிங்களத்தில், "ஹெமின் ஹெமின்," என்றார். மெல்ல மெல்லப் போவோம் என்று. அவர் சிரித்து வழிவிட்டார்.

மெல்ல என்றால் அப்படி ஒரு மெல்ல. மகள் ஒவ்வொரு குட்டையிலும் குதித்தாள். ஒவ்வொரு கல்லையும் எடுத்து அப்பாவின் காற்சட்டைப் பைக்குள் போடச் சொன்னாள். ஒரு மரை எங்களைப் பார்த்தபடி பனி படிந்த புல்லை மென்றுகொண்டு நின்றது. அது போகும்வரை அவள் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. எங்களுக்கு முதல் போனவர்கள் திரும்பி எதிரே வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஓர் இடத்தில், பாதையை விட்டு விலகவேண்டாம் என்று ஒரு பலகை நட்டிருந்தது. மகள் அதைக் கண்டதும் சட்டென்று நின்றாள். என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, மிதிவெடியோ?"

என் கணவர், முதுகில் பிள்ளையோடு, அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இல்லைக் குஞ்சு. மிதிச்சால் புல்லுக்கு நோகும் எண்டு எழுதியிருக்கினம்."

"புல்லுக்கு நோகுமோ?"

"பின்ன? குட்டிப் புல்லெல்லே."

அவள் குனிந்து புல்லைத் தடவினாள். அதற்குப் பிறகு பாதையின் நடுவால், குதிக்கால் படாமல், பூனைபோல நடந்தாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சின்ன உலக முடிவு என்கிற முதல் விளிம்புக்குப் போகும்போது பனிப்புகார் ஏறிவிட்டது. பள்ளம் இல்லை, மலை இல்லை, ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரு வெள்ளை. மழையும் தூறத் தொடங்கியது. மகன் அழத் தொடங்கினான். அவன் கை குளிர்ந்துபோய்க் கிடந்தது. அந்த ஒரு நிமிடம், ஆசிரியர் அறையில் சொன்ன எல்லோரும் என் காதுக்குள் திரும்பச் சொன்னார்கள். பயந்துவிட்டேன். அவனை இறக்கி என் சுவெற்றருக்குள் போட்டுப் பால் கொடுத்தேன். கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு மறைப்பாக நின்றார். மெல்ல மெல்லச் சூடு திரும்பியது. அழுகை நின்றது.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் பெண், கொழும்புத் தமிழ், எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்தக் குளிருக்குள்ள கைக்குழந்தைய கொண்டுவந்து, ஒன்னுமே பாக்க முடியலயே. பாவம், எதுக்கு இந்தக் கஷ்டம்?"

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். கணவர் முந்திவிட்டார்.

"நாங்கள் பாக்க வரேல்லை அம்மா. நடக்க வந்தனாங்கள். நடந்திட்டம்."

மகள் அந்த வெள்ளைக்குள் "ஹூ" என்று கத்தினாள். எதிரொலி வரவில்லை. இன்னும் பலமாகக் கத்தினாள். அந்தப் பெண்ணின் மகனும் சேர்ந்து கத்தினான். கடைசியில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

பெரிய உலக முடிவுக்கு நாங்கள் போகவில்லை. வந்த வழியாலேயே திரும்பினோம். மழைக்குள் மகள் தூக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். கையை உதறிவிட்டு முன்னால் போனாள். பின்னால் யாரும் வரவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. நான் வேண்டுமென்றே நின்று திரும்பிப் பார்த்தேன்; புல்வெளியில் மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் சுடச்சுடத் தேத்தண்ணியும் ரொட்டியும் எடுத்தோம். அட்டை கடித்த இடத்துக்கு உப்புத் தேய்த்துக்கொண்டே என் கணவர் சொன்னார்: "அண்டைக்குத் தங்கச்சி என்ர முதுகில முழுக்க நித்திரை. எனக்கு அவளில சரியான எரிச்சல். நான் நடக்கிறன், இவள் படுக்கிறாள் எண்டு."

அவர் மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆனால் மகள் மேசைக்கு மேலால் கையை நீட்டி அவருடைய ரொட்டியைப் பிய்த்துக்கொண்டாள். சேற்றுக் கால்கள் இரண்டும் கதிரைக்குக் கீழே ஆடின. அவர் மிச்சத்தையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் இரண்டு ரொட்டி கேட்டார்.