வல்லை வெளியில் அம்மாள் மீட்டுத் தந்த உயிர்

ஒரு பிள்ளையை நான் கொன்றுவிட்டேன் என்ற நினைப்போடு ஒரு காலைப்பொழுது முழுவதும் இருந்தவள் நான். வெள்ளிக்கிழமைப் பூசையில் என்னைக் காணும் உங்களில் பலருக்கு இது தெரியாது. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அம்மாள் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமையில்லை. அதனால் சொல்கிறேன்.

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் தாதிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். டியூட்டி லிஸ்ட் எழுதுவது என் வேலை. படிப்பு முடித்து வரும் புதுப் பிள்ளைகள் ஒரு வருடம் எங்களிடம் பயிற்சியில் இருப்பார்கள். சம்பளம் என்று இல்லை, பயிற்சிப் படிதான். மற்றத் தாதிகள் எடுப்பதில் பாதிக்கும் குறைவு. வருடம் முடியாமல் விலகினால் சான்றிதழ் கிடையாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஆள் குறையும் நேரத்தில் மூத்த தாதியைப் போட்டால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். பயிற்சிப் பிள்ளையைப் போட்டால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. இதை எனக்கு ஒருவரும் எழுத்தில் தரவில்லை. ஆனால் செலவு குறைந்த மாதங்களில் நிர்வாகத்தில் இருந்த ஐயா என்னைக் கூப்பிட்டுப் பாராட்டுவார். எனக்கு அது போதுமாக இருந்தது. பின்நேர டியூட்டி முடித்த பிள்ளையையே அப்படியே இரவுக்கும் எழுதுவேன்.

அம்மாள் எனக்கு முன்கூட்டியே காட்டாமல் இல்லை. ஒரு பிள்ளை மருந்து ட்ரொலியைப் பிடித்தபடி நின்றே உறங்கினாள். இன்னொருத்தி ஒரு கட்டில் ஆளுடைய ஊசியை அடுத்த கட்டில் ஆளுக்குப் போடப் போனாள். பக்கத்தில் நின்ற நோயாளியின் மகள் கண்டு தடுத்தாள். நான் அந்தப் பிள்ளையை ஏசினேன். லிஸ்டை மாற்றவில்லை.

அந்தப் பிள்ளைகளில் நிரோஜா உடுப்பிட்டிக்காரி. தகப்பன் இல்லை. தாயும் அவளும்தான். ஸ்கூட்டியில் வந்து போவாள். கடந்த கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம், அவளை மூன்று தரம் இரட்டை டியூட்டிக்கு எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் பின்நேரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"மிஸ்ஸி, ரெண்டு நாளாச் சரியா நித்திரையில்லை. இண்டைக்கு இரவு மட்டும் விடுங்கோ."

"நாங்களும் உப்பிடித்தான் பழகினனாங்கள், பிள்ளை" என்றேன். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் சரி என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஒன்பது மணி தாண்டி அவளுடைய தாய் போன் எடுத்தார்.

"நிரோஜா இன்னும் வீட்டை வரேல்லை மிஸ்ஸி. போனும் வேலை செய்யேல்லை. டியூட்டியிலை மறிச்சுப்போட்டியளோ?"

மறித்து வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சீருடையோடு ஓட்டோவில் ஏறினேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனோம். வழியெல்லாம் மழை.

வல்லை வெளியை மாரிகாலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடு இல்லை, மரம் இல்லை. தெரு ஓரம் வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கும். பாலத்துக்குக் கிட்டப் போனதும் ஓட்டோக்காரத் தம்பி நிறுத்தினார். ஸ்கூட்டி சரிந்து கிடந்தது. முன் சில்லு தண்ணீருக்குள். ஒரு செருப்பு கரையில். கொஞ்சம் தள்ளி யாரோ போட்டுவிட்டுப் போன வீச்சுவலை. ஆள் இல்லை. கூப்பிட்டால் கேட்கவும் ஒருவர் இல்லை.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்காலுக்கு மேல் வந்தது. சேற்றுத் தண்ணீர், அடி தெரியவில்லை. கையால் துழாவினேன். எது கையில் படுமோ என்ற பயத்தோடு துழாவினேன். அந்த இடத்தில்தான் வாய்விட்டு அழுதேன். அம்மாளே, இதை அவள் செய்யவில்லை, நான் செய்தது, என்னை எடு, அவளைத் தா என்று கேட்டேன். நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. வைக்க எனக்கு முகம் இல்லை.

என் போன் அடித்தது. வடமராட்சிப் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என்னோடு படித்த சிநேகிதி. மயக்கத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், மழைக்கோட்டைக் கழற்றினால் உள்ளே உங்கள் ஆஸ்பத்திரிச் சீருடை, இப்போதுதான் கண் திறந்தாள் என்றாள். அந்தத் தண்ணீருக்குள்ளேயே கை கூப்பினேன்.

தாய்க்குச் சொல்லிவிட்டு அங்கே ஓடினேன். வாசலில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஒருவர் நின்றார். வல்வெட்டித்துறைக்காரர், விடியப்புறத்தில் வல்லை வெளியில் வலை வீசுகிறவர். அவர்தான் அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்து, வழியில் வந்த மரக்கறி லொறியை மறித்து ஏற்றிக்கொண்டு வந்தவர்.

"ஏழு மணிக்கே போயிடுறனான் அம்மா. இண்டைக்கு வலை கல்லிலை கொழுவிப்போட்டுது. எடுக்க ஏலாமல் நிண்டனான்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வலையைக் கொழுவிப் பிடித்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நிரோஜாவுக்குத் தோள்பட்டைக்குக் கிட்ட எலும்பு உடைந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். "லீவு எண்டு போட்டுடாதேங்கோ மிஸ்ஸி. காசு வெட்டிப்போடுவினம்."

அவளுடைய தாயின் முன்னால் நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. மகளின் தலைமயிரில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசியிருக்கலாம்.

அடுத்த நாளே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பயிற்சிப் பிள்ளைக்கு இரட்டை டியூட்டி எழுத மாட்டேன், கூடுதலாக நிற்கும் மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், நிரோஜாவுக்குப் படி வெட்டக்கூடாது என்று. ஐயா இந்த முறை பாராட்டவில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. நான் இப்போது சாதாரணத் தாதி. ஆள் இல்லாத இரவுகளில் நானே நிற்கிறேன். படி வெட்டப்படவில்லை. மேலதிக நேரத்துக்குக் காசும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரட்டை டியூட்டி முற்றாக நிற்கவில்லை. அதற்காக இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களிடமும் அம்மாளிடமும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கையிலும் யாரோ ஒருவருடைய நித்திரை, யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கலாம். பிழை செய்திருந்தால் அம்மாளிடம் போகப் பயப்படாதீர்கள். கேட்கத் தகுதியில்லாத இடத்தில் நின்றுதான் நான் கேட்டேன். அவள் என் தகுதியைப் பார்க்கவில்லை.

நிரோஜா தை மாதம் வேலைக்குத் திரும்பினாள். இப்போது பஸ்ஸில் போகிறாள். இரவு டியூட்டி முடிந்து வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவாள். அது வரும்வரை நான் அம்மாளின் படத்துக்கு முன்னால் நிற்பேன். இன்று காலையும் வந்தது.