அரை மீட்டர் அலை

பித்தளை வளையத்துக்குள் முள் ஆடும் காற்றழுத்தமானி ஒன்று காலைத் தபாலில் வந்தது. 'இருபது ஆண்டுகள் நம்பகமான கடல் வானிலைத் தகவல்களை அனுப்பியதற்காக' என்று அடியில் பொறித்திருந்தார்கள். அதைப் படித்ததும் அவருக்கு முகம் கறுத்தது.

"உள்ளே எங்கயாவது வை" என்றார்.

"நல்லா இருக்கே! எவனுக்குக் கிடைக்குது இதெல்லாம்?" என்று மனைவி தானே ஸ்டூலில் ஏறிக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டாள்.

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலில் எல்லோரும் அவரை 'வானிலை' என்றே கூப்பிடுவார்கள். தினமும் பகலில் ஒருமுறை வெளியே போய்க் காற்று, மேகம், அலையின் உயரம் எல்லாம் பார்த்தெழுதிக் கரையிலுள்ள வானிலை நிலையத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. வெப்பமண்டலக் கடலின் நடுவே கப்பல்கள் அரிது. மேகத்தை வானத்திலிருந்து படம் பிடித்துவிடலாம். எங்கோ இருக்கும் புயல் தள்ளிவிடும் நீண்ட அலையை அங்கே நிற்கிற மனிதன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இதை மணிக்கணக்கில் விளக்குவார். வாய்க்குக் குறைச்சலே இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதியம். மூன்று நாளாகக் கடல் அடங்கிக் கிடந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். சுக்கான் அறையிலோ ஏசி. ஐயாவுக்கு உடம்பு வணங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே முந்தைய நாள் எழுதியதைப் பார்த்து இறக்கினார்: அலை அரை மீட்டர்.

அந்த நேரம் சமையல்காரர் டீயோடு வந்தார். "சார், பெரிய பானையில தண்ணி மெதுவா ஒரு பக்கமா ஏறுது, நிக்குது, அப்புறம் இறங்குது. எனக்கென்னவோ சரியாப் படல. கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்களேன்."

"உங்க பானையப் பாத்தா அண்ணே நாங்க கப்பல் ஓட்டுறோம்? போய் வெங்காயத்த நறுக்குங்க."

சுக்கான் பிடித்திருந்தவன் களுக்கென்று சிரித்தான். சமையல்காரர் டீயை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் கடல் வானிலை அறிக்கை வந்தது. கப்பலின் ஆட்டம் கேப்டனுக்கும் லேசாகத் தட்டுப்பட்டிருந்தது. தெற்கே விலகிப் போகலாமா என்று வரைபடத்தில் பென்சிலோடு குனிந்திருந்தார். 'அப்பகுதியில் செல்லும் கப்பலின் தகவல்படி அலை அரை மீட்டர்' என்று படித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். "பாத்தியாப்பா? கவலையில்ல, நேராவே போலாம்."

அப்பகுதியில் சென்ற ஒரே கப்பல் அவர்களுடையதுதான். தன் பொய்யே கரைக்குப் போய், மரியாதையான உடுப்பு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 'நான் பாக்கல சார்' என்று மூன்றே வார்த்தை. சொன்னால் மானம் போய்விடும். மென்று முழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை புயலின் ஓரம் அவர்களைப் பிடித்தது. கப்பல் சாய்ந்த வேகத்தில், கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய பானை சமையல்காரர் மேல் கவிழ்ந்தது. வலது கை வெந்துபோனது. மூன்று விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. கப்பல் வேலையும் அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் மழையோ வெயிலோ, வெளியே போய்ப் பார்க்காமல் அவர் ஒரு வரி எழுதியதில்லை. கடமை உணர்ச்சி என்று எல்லோரும் மெச்சினார்கள். கடமையாவது, மண்ணாவது! வெட்கம்தான் அவரை வெளியே துரத்தியது.

சமையல்காரர் இப்போது இரண்டு தெரு தள்ளி டீக்கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகாமல் இவர் சுற்றிப் போவார். மனைவிக்கு அது தெரியாது. மார்க்கெட்டில் சமையல்காரரைப் பார்த்தவள், பரிசைக் காட்டக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பெரிய விஷயம் சார்" என்று சமையல்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி டீயை நீட்டினாள். "அண்ணா, வானிலை ஆபீஸ்காரன் அன்னைக்கு ஒழுங்கா சொல்லியிருந்தா உங்க கை இப்படி ஆகியிருக்குமா? இவர் அவங்கள எத்தனை தடவை திட்டியிருக்கார் தெரியுமா!"

சமையல்காரர் இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். இவருக்குக் காது வரை சுட்டது.

"அண்ணே, அன்னைக்கு நான் வந்து..."

"தெரியும் சார். டீ வைக்கும்போது நோட்டு திறந்துதான கிடந்துச்சு? மை கூடக் காயல. நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணே யார்கிட்டயும் சொல்லல?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். பிள்ளைங்க படிச்சுட்டிருந்தாங்க. சரி, என்னைக்காவது நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்." சமையல்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். "கடை ரெண்டு தெரு தள்ளித்தான சார் இருக்கு."