ஜீப்பில் விட்ட இடம்

“...எங்களோட இருக்கத்தான வந்தீங்க? அப்ப நீங்களும் ஏறுங்க தம்பி,” என்றார் ஜீப்பில் உட்கார்ந்திருந்த லட்சுமி அக்கா.

ஜவ்வாதுமலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் அவர் வீட்டில் போன வருடம் இரண்டு நாள் தங்கினேன். அருவியில் படமெடுத்துக்கொண்டு ஓடுகிற ஆளில்லை நான், ஊரோடு ஊராக இருந்து பார்க்கிற பயணி என்று பெருமை பேசித் திரிந்தவன். இந்த முறை ஒரு வாரத்துக்குத் துணிமணியோடு வந்து இறங்கினால், வாசலை முள் போட்டு அடைத்திருந்தார்கள்.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“கூர்க்குக்கு, காப்பித் தோட்டத்து வேலைக்கு. மழ இல்ல, சாமை கருகிப்போச்சு, ஆட்டையும் வித்தாச்சு. வூட்ட வேணா தொறந்து வுடறேன், சுத்திப் பாத்துட்டுப் போங்க.”

“எப்ப திரும்புவீங்க?”

“போனவங்க இன்னா திரும்பியா வந்தாங்க?”

“நீங்க இல்லாத ஊர்ல எனக்கு என்னக்கா வேலை?” என்றேன், மனதாரத்தான்.

அதற்குத்தான் என்னை ஏறச் சொன்னார். கேலியில்லை. மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இடமும் விட்டார்.

நான் பையைப் பிடித்தபடி நின்றேன். எனக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. பயணி என்று சொல்லிக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா மூட்டையை எடுத்து, எனக்கு விட்ட இடத்தில் வைத்தார்.