அழித்த இடம்

கணக்கு நோட்டைத் திறந்ததும் டீச்சர் விடையைப் பார்ப்பதில்லை. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ரப்பர் தேய்த்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலை உளி மாதிரி அழுத்துகிறவர்கள். என்ன அழித்தாலும் தாளில் பள்ளம் நிற்கும். "எழுதினத விட அழிச்சதுதான் உண்மை பேசும்" என்பார். ஆசிரியர் அறையில் அவருக்கு எக்ஸ்ரே டீச்சர் என்று பெயர். "இன்னிக்கு யாருக்கு எலும்பு முறிஞ்சிருக்கு?" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டால், தலை நிமிராமலே, "ஏழாம் வாய்ப்பாட்டுல பாதிப் பேருக்கு" என்று பதில் வரும்.

கத்த மாட்டார். வகுப்பு இரைந்தால் அவர் குரல் இன்னும் தணியும். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே முப்பத்தாறு பேரும் வாயை மூடியாக வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வகுப்பு, அதே அறை. சீக்கிரம் முடிப்பவர்களுக்கு ஒரு பரிசு வைத்திருந்தார். மஞ்சள் தாளில் இன்னும் இருபது கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து அவரே எழுதி, ஓரம் பிசகாமல் வெட்டிக்கொண்டு வருவார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

வகுப்பிலேயே உருவத்தில் சிறியவள் ஒருத்தி. எல்லோருக்கும் சுண்டெலி. பள்ளி திறந்த புதிதில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து நிற்பாள். ஒரே பீரியடில் மூன்று மஞ்சள் தாள்கூட வாங்கியிருக்கிறாள். பிறகு மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. அப்புறம் தப்புகள் வர ஆரம்பித்தன. அரையாண்டில் மதிப்பெண் பாதியாயிற்று. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மா, ஷிப்ட் முடிந்து தலையுறையைக் கையில் சுருட்டியபடி நேராகப் பள்ளிக்கு வந்தாள்.

"போன வருஷம் ஒரே ஓட்டமா ஓடினா மிஸ். இப்ப நின்னுட்டா. வீட்டுல நாங்க ஏதாவது தப்புப் பண்றோமா?"

"பாக்கறேம்மா" என்றார் டீச்சர். பின்தங்கியவர்களுக்கான மாலை வகுப்புப் பட்டியலில் தலைமையாசிரியர் சுண்டெலியின் பெயரை ஏற்கெனவே சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் டீச்சர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வியாழக்கிழமை மதியம் அந்த நோட்டு ஜன்னலுக்குச் சாய்ந்தது. மற்றவர்கள் மாதிரி அழுத்தாமல் எழுதுகிறவள் என்பதால் அதுவரை கண்ணில் படாத பள்ளம், அன்று சாய்ந்த வெயிலில் தெரிந்தது. 48 என்று தப்பாக எழுதிய இடத்துக்கு அடியில் 54 என்று பள்ளம். அடுத்த கணக்கிலும் அப்படியே. ஆறு தப்புக்கு அடியிலும் ஆறு சரியான விடைகள். சரியானதை எழுதி, அழித்து, தப்பை எழுதியிருக்கிறாள்.

"இது என்ன கண்ணு?"

"தப்பு மிஸ்."

"இதுக்கு அடியில?"

சுண்டெலி தன் செருப்பைப் பார்த்தாள்.

"திட்ட மாட்டேன், சொல்லு."

"சரியா போட்டா பரிசு குடுப்பீங்க மிஸ்."

"ஆமா. பரிசுதானே?"

"அதுவும் இதே கணக்குதான் மிஸ். நம்பர் மட்டும்தான் வேற. உங்க பரிசுல கை வலிக்குது. தப்புப் போட்டா திருத்தச் சொல்வீங்க. திருத்தறதுக்குள்ள மணி அடிச்சிடும்."

"அப்போ நேரா தப்பையே எழுத வேண்டியதுதானே? எதுக்கு சரியா எழுதி அழிக்கிற?"

"ஒரு தடவையாவது சரியா இருக்கட்டும்னுதான் மிஸ்."

பட்டியலில் அந்தப் பெயரை டீச்சர் அடித்தார். மஞ்சள் தாள் கட்டு அலமாரியில் உடைந்த பூகோள உருண்டைக்குப் பின்னால் போயிற்று. அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவளிடமே சொன்னார். "நீயே ஒரு கணக்குக் கொண்டா. உனக்கே விடை தெரியாததா இருக்கணும்."

திங்கட்கிழமை கொண்டுவந்தாள். "நம்ம வகுப்புக்கு ஏற பதினாலு படி மிஸ். ஒண்ணொண்ணா ஏறலாம், ரெண்டு ரெண்டா தாவலாம், கலந்தும் போகலாம். மொத்தம் எத்தனை விதமா ஏறலாம்?"

"ஏழு" என்றார் டீச்சர், பாதியாக வகுத்து.

"ஐயோ மிஸ், மூணு படிக்கே மூணு விதம் இருக்கு!" வாசல் வரை இழுத்துப் போய் ஏறியே காட்டினாள்.

அன்றிலிருந்து இடைவேளையில் படிக்கட்டில் பாதி வகுப்பு தவளை மாதிரித் தாவுகிறது. "படியில என்ன கூத்து?" என்று தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "கணக்குப் பாடம் சார்" என்றார் டீச்சர், வழக்கமான தணிந்த குரலில். காலையில் டீச்சரே ஒன்று, இரண்டு, ஒன்று என்று முணுமுணுத்தபடிதான் ஏறுகிறார். கைப்பையில் தனியாக ஒரு நோட்டு. அதில் பாதிக்கு மேல் ரப்பர் தேய்த்த இடம்.

நேற்று மதியம் அந்த நோட்டைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருந்தபோது சுண்டெலி மேஜையருகே வந்தாள்.

"எத்தனை படி வரைக்கும் கண்டுபிடிச்சீங்க மிஸ்?"

"ஆறு. நீ?"

"ஏழு" என்று சொல்லிக்கொண்டே, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் தலை நிமிரவில்லை. இடது கையை மடக்கி வைத்து, பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டார்.