குடுவைக்காரரின் ஒரு நாள் அவசரம்

அந்த மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவரைக் குடுவைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவர். அங்கே ஒருத்தர் கழுவியதை இன்னொருத்தர் நம்பமாட்டார். மறுபடி ஒருதரம் அலசிவிட்டுத்தான் எடுப்பார்கள். இவர் கழுவியதை மட்டும் யாரும் அலசுவதில்லை. மனிதருக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் மனைவி தேய்த்த டம்ளரையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த வாரம் கூடமே தலைகால் புரியாத குஷியில் இருந்தது. இரண்டு மூலக்கூறுகளை இணைக்க ஒரு சிட்டிகை செம்பு உப்பு வேண்டும். கல்யாணத் தரகர் மாதிரி, சேர்த்து வைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் குடுவையில் செம்பே போடாமல், மூன்று முறையும் இணைப்பு நடந்துவிட்டது! மருந்தில் உலோகம் தங்கிவிடும் தொல்லை இனி இல்லை. மறுநாள் பெரிய அதிகாரிகள் முன்னால் மேடம் அதை அறிவிப்பதாக ஏற்பாடு.

குடுவைக்காரருக்கு மட்டும் அந்தக் குஷி ஒட்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும், கலக்குவதற்காகக் குடுவைக்குள் சுழலவிடும் காந்தத் துண்டுகளை அமிலத்தில் ஊறவைக்காமல், வெறும் சோப்பில் அலசிவிட்டு ஓடியிருந்தார். அதற்கு முன் அவை சுழன்றதெல்லாம் செம்பு உப்பில்தான். துண்டின் கீறல்களில் அது ஒட்டியிருந்தால், இணைத்து வைத்ததும் அதுதானே? சொன்னால் இத்தனை வருடப் பெயர் போச்சு. சொல்லாவிட்டால் மேடத்தின் மானம் போகும். பேத்தி பிறந்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை, பாவம்.

மத்தியானம் மேடத்தின் மேஜை அருகே போய் நின்றார்.

“மேடம், தப்பு என் மேலதான். அன்னிக்கு காந்தத்தை அமிலத்துல போடல.”

“எந்தக் காந்தம்ணே?”

“நீங்க எடுத்தீங்களே, அந்த மூணும்.”

மேடம் புதுக் காந்தம் ஒன்றைப் பிரித்துப் போட்டார். சாயங்காலம் வரை சுழன்றும் ஒன்றும் இணையவில்லை. மேடத்தின் முகம் வாடிவிட்டது. போன் செய்து மறுநாள் கூட்டத்தை ரத்து செய்தார்.

“புதுசு போட்டுப் பாத்திருக்க வேண்டியது நான்தாண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க.”

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் இவர் நினைத்தார்.

மறுநாள் காலையில் தொட்டியைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். மேடம் தட்டிலிருந்து இவர் கழுவிய குடுவை ஒன்றை எடுத்தார். குழாய்ப் பக்கம் வந்தார். அலசத்தான் போகிறார் என்று இவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். மேடம் குழாயைத் தாண்டிப் போய், அந்தக் குடுவையில் நேராக வழக்கமான செம்பு உப்பைக் கொட்டினார்.

குடுவைக்காரர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். மூக்கை உறிஞ்சுவது யாருக்கும் கேட்க வேண்டாமே.